துடுப்பைத் தொட்டுப் பார்ப்பவர்

1. கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களைப் பார்வையிட என் மேலதிகாரியும் நானும் திருகோணமலைத் துறையிலிருந்து கிண்ணியாப் பக்கம் படகில் புறப்பட்டோம்.
2. அங்குள்ள மூன்று வகைக் கண்டலில் ஒன்றை விட்டு, மற்ற இரண்டையும் விறகுக்கு வெட்டலாம் என்று அறிக்கை எழுதச் சொன்னார்.
3. நான் மறுத்தேன்.

அவர் உயரமானவர். படகில் ஏறும்போதும் சட்டை கசங்காது. ஆனால் கடலென்றால் பயம். இயந்திரப் படகாக இருந்தாலும், துடுப்பும் பாயும் உள்ளே கிடப்பதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் உட்காருவார். அன்றும் தொட்டுப் பார்த்தார்.

"மூண்டுக்கும் சேத்தைப் பிடிச்சு வைக்கிற ஒரே வேலைதானே, பிள்ளை? ஒண்டு நிண்டால் காணும்," என்றார் நடு விரிகுடாவில்.

நான் துடுப்பை எடுத்துத் தண்ணீருக்கு மேலே நீட்டினேன்.

"அப்ப இதை எறியட்டே, சேர்? இஞ்சின்தான் ஓடுதே."

"விசரே உமக்கு? இஞ்சின் நிண்டால் என்ன செய்யிறது?"

"அந்த ஒரு வகையும் நோய் வந்து பட்டுப்போனால் என்ன செய்யிறது, சேர்? மற்ற ரெண்டும் நிண்டால்தான் கரை நிக்கும்."

"உங்கட சண்டையில என்ட துடுப்பப் போட்டுராதீங்க, தங்கச்சி," என்று படகோட்டி சிரித்தார்.

மேலதிகாரி சிரிக்கவில்லை. கரையேறும்வரை துடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. நான் சொன்னது அவருக்கு விளங்கியதா, துடுப்புப் போய்விடும் என்ற பயம் மட்டும்தானா என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஒன்றையும் வெட்டக்கூடாது என்றே எழுதிக் கொடுத்தேன். அவர் அதில் ஒப்பமிடவில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. மூன்று வகையும் நிற்கின்றன.