ஒன்றாம் நம்பர் பெல்ட்

இது நிஜமாக நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்; எனக்கொன்றும் நட்டமில்லை. நடந்தது என் பக்கத்து மேசைக்காரிக்கு. பட்டப்பகலில், ஆபீஸில், நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தபோது.

அவளுக்குக் குறைமாதத்தில் பிறந்த குழந்தை. தூக்கத்தில் மூச்சு நின்றுபோகலாம், கண்ணை எடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவோ தீர்ந்துவிட்டது. புருஷன் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டான். பாவி மகள் சும்மா இருப்பாளா? குழந்தையின் மார்பில் கட்ட ஒரு பெல்ட் செய்தாள். மூச்சு ஏறி இறங்குவதை அது அளக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் பைத்தான் புரோகிராம் அதை ஒரு சர்வருக்கு அனுப்பும். சர்வர் கோடாக வரையும். பிரவுசரைத் திறந்தால் எங்கிருந்தும் பார்க்கலாம்.

அன்று புரோகிராம் சர்வரோடு இணையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. புருஷனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"போர்ட் நம்பரை மாத்தி மறுபடி ஓட்டுங்க."

"கம்ப்யூட்டர்காரியைக் கட்டினா இதுதான். பால் கரைக்கவும் பாஸ்வேர்ட் கேப்பே போல."

"கிண்டல் அப்புறம். ஓட்டுங்க."

மணி 2.40. இணைந்தது. திரையில் கோடு ஓடியது. 'பெல்ட் 2'. சின்னச் சின்ன மூச்சு. அப்பாடா என்று சாய்ந்தாள்.

அதன் கீழே இன்னொரு கோடு முளைத்தது.

'பெல்ட் 1'.

அவள் முதன்முதலில் செய்த பெல்ட் அது. அவளுடைய அப்பாவுக்காக. அவருக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்கும். போன வருடம் அப்படியே போய்விட்டார்.

"பழைய பெல்ட்டை எதுக்குங்க மாட்டினீங்க?"

"எந்தப் பெல்ட்? அது உன் தம்பி வீட்லல்ல இருக்கு?"

அவள் கோட்டையே பார்த்தாள். நீளமாக இரண்டு மூச்சு. ஒரு நிறுத்தம்... பிறகு திணறலாக ஒரு இழுப்பு. மறுபடி இரண்டு. மாதக்கணக்கில் இதே கோட்டைக் காவல் காத்தவள். அப்பாவின் மூச்சு அது.

"ஏதோ பழைய டேட்டா. தூக்கிடு," என்றேன் நான்.

பெல்ட் 1 சர்வருக்குள் வராதபடி தடுத்தாள்.

கீழ்க்கோடு மறைந்தது.

மேல்கோடு... தட்டையாகிவிட்டது.

"குழந்தையைப் பாருங்க!"

"தூங்குதுடி..."

"மூச்சு! மூச்சு இருக்கா?"

நாற்காலி விழும் சத்தம். "கண்ணு... ஏய் கண்ணு..."

ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. தடையை நீக்கினாள்.

பெல்ட் 1. நீளமாக ஒரு இழுப்பு.

போனில் வீலென்று அழுகை.

தூக்கிக் குலுக்கியதில் மூச்சு திரும்பியிருக்கும், நல்லவேளை என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் அவள் அந்த சர்வரை இன்றுவரை அணைக்கவில்லை.

போன வாரம் தம்பிக்குப் போன் போட்டாள்.

"அப்பா பெல்ட்டைக் கொண்டுவாடா. உள்ளே பேட்டரி கிடக்கான்னு பாக்கணும்."

"எங்கிட்ட ஏதுக்கா? அந்த அவசரத்துல யாரும் கழட்டல. சட்டைக்குள்ள அதோடதான் அவரை எரிச்சோம்."

போனை வைத்தாள். இருவரும் திரையைப் பார்த்தோம்.

இரண்டு மூச்சு. ஒரு நிறுத்தம்...

அடுத்த இழுப்பு வருகிற வரை நாங்களும் மூச்சு விடவில்லை.