பலகைக்கு மேலே அளந்த மேடை

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம். கோவில்பதாகை முனைக் கடையில் பாலும் கொத்தமல்லியும் வாங்கி வந்தேன். மனைவி போட்டுத் தந்த காபி, செய்தித்தாள், செடிகளுக்குத் தண்ணீர். எட்டேகாலுக்கு இட்லி.

பத்து மணிக்கு மேஸ்திரி வருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டைப் புதுப்பிக்கக் கடன் வாங்குவதில்லை, சேர்த்து வைத்த ஐந்து லட்சத்தைத் தாண்டுவதில்லை என்று நானும் மனைவியும் பேசி முடித்திருந்தோம். நான்கு ஞாயிறுகள் ஒவ்வொரு அறையாக டேப் பிடித்து அளந்து, வரைபடத் தாளில் வரைந்தேன். மொட்டை மாடி ஒழுக்கு, குளியலறை டைல்ஸ், பழைய வயரிங், ஹாலுக்கு மட்டும் என் ஆசைக்கு ஒரு ஃபால்ஸ் சீலிங். ஐந்து லட்சம் அதோடு சரி.

மனைவி கேட்ட ஒன்றே ஒன்றுதான் பட்டியலில் இல்லை. சமையல் மேடையைத் தாழ்த்த வேண்டும் என்றாள். இந்த வீட்டைக் கட்டியவர் ராணுவத்தில் இருந்த ஆறடி மனிதர்; தானே சமைத்துக்கொண்டவர். அவரிடமிருந்து நாங்கள் வாங்கிப் பதினான்கு வருடமாகிறது. என் மனைவி நாலடி பதினொரு அங்குலம். குடிவந்த வாரமே, கீழே கட்டை அடித்த மரப்பலகை ஒன்றை அடுப்புக்கு முன்னால் போட்டு ஏறி நின்றுகொண்டாள். அதன் பிறகு அதை யாரும் நகர்த்தவில்லை. இப்போது முழங்கால் வலி. நாளெல்லாம் அதில் ஏறி இறங்க அவளால் முடியவில்லை.

அவள் கேட்டதற்காக மேடையையும் அளந்தேன். முப்பத்து மூன்று அங்குலம். "எல்லா வீட்டிலயும் ஏறக்குறைய இதே அளவுதான்" என்று தாளைக் காட்டினேன். "அப்ப நான்தான் குள்ளம்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

மேஸ்திரி பத்தேகாலுக்கு வந்தார். இந்தப் பக்கத்து ஆள். என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், எனக்கு வேலையே வைக்க மாட்டீங்க போல கீது."

எனக்கு உள்ளூரப் பெருமை. சமையலறைக்குள் போனதும் அவர் டேப்பை இழுத்து மேடையில் வைத்தார்.

"முப்பத்தாறு."

"முப்பத்து மூணு" என்றேன்.

மறுபடி வைத்துப் பார்த்தார். "முப்பத்தாறுதான் கீது. வந்து பாருங்க."

டேப்பை வாங்கி, போன தடவை எங்கே வைத்தேனோ அங்கேயே வைத்தேன். முப்பத்து மூன்று. வெற்றியோடு நிமிர்ந்தால், அவர் என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலகை மேல வச்சு அளந்துகினு கீறியே நைனா!"

மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேளுங்க மேஸ்திரி. அம்பத்தூர் கம்பெனியில இவருக்கு வேலையே அளக்கறதுதான். இவர் கையெழுத்துப் போட்டாத்தான் பிரேக் சாமான் வெளியே போகும்."

"அய்யய்யோ! நான் அந்த பிரேக் போட்ட வண்டிலதான்கா வந்தேன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதினான்கு வருடம் பார்த்துப் பார்த்து அந்தப் பலகையைத் தரை என்றே நினைத்திருக்கிறேன்.

மேஸ்திரி பலகையைக் காலால் ஒதுக்கினார். "யக்கா, தரையில நில்லு. கையை மடி." அவள் முழங்கைக்கு ஒரு கை அகலம் கீழே சுவரில் பென்சில் கோடு போட்டு அளந்தார். முப்பத்து மூன்று.

"சார் பேப்பர்ல போட்டது கரெக்ட்டு. ஊடுதான் தப்பா கீது."

கிரானைட்டை உடையாமல் எடுத்து, கீழே சுவரைக் குறைத்து, சிங்க் குழாயையும் இறக்க வேண்டும். சிலிண்டர் அடியில் நுழையுமா என்று அளந்து பார்த்தார், நுழையும். முப்பதாயிரம் ஆகும் என்றார். என் பட்டியலில் ஃபால்ஸ் சீலிங் நாற்பத்தைந்தாயிரம். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார்.

"வர்றவன் சோபால குந்துவானா, மேல அண்ணாந்து பாத்துகினு இருப்பானா சார்?"

சிவப்பு மையால் அடித்தேன். மனசு லேசானது. "மீதிக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டு முடிப்பதற்குள், "டிராயர். மூடினா சத்தம் வராதே, அந்த மாதிரி" என்றாள் மனைவி.

வேலை புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமைதான் ஆரம்பமாம். "அதுவரைக்கும் நான் பலகை மேலதானா?" என்று கேட்டாள். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுவரைக்கும் சார் நிக்கட்டும்கா. அவருக்கு அளவெடுத்துக் கட்னா மாதிரிதான் கீது இந்த மேடை."

மறுநாள் ஐந்து நாற்பதுக்கு எழுந்ததும், மோட்டார் போடுவதற்கு முன்னால், பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தரையில் நின்று இரண்டு காபி போட்டேன்.