குடகில் ஒலித்த போன்

அந்த நோட்டில் போன் நம்பருக்கென்று ஒரு கட்டம் போட்டவள் நான்தான். வேறு யார் தலையிலும் பழியைக் கட்ட வழியில்லை.

கள்ளக்குறிச்சியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வேலையை ஆரம்பித்தோம். கல்வராயன் மலையில் ஓர் ஊர். அங்குள்ள கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பது. ஞாயிறு காலையில் வெள்ளிமலை பஸ், இறங்கி ஒரு மணி நேர நடை. கூட வரும் நர்ஸ் அக்கா ரத்தம் எடுப்பார், நாங்கள் விவரம் எழுதுவோம். மறுநாள் கீழே பரிசோதனை முடிவு வந்ததும் போன் போட்டுச் சொல்லிவிடுவோம். அப்போது எங்களுக்கு இருந்த மிதப்பு கலெக்டருக்குக்கூட இருந்திருக்காது.

அந்த ஊரில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். என்னைவிட ஒரு வயது பெரியவளாக இருந்தால் அதிகம். போன் நம்பர் கேட்டேன், கடகடவென்று சொன்னாள். எழுதிக்கொண்டேன். போன் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் காலம் வந்தால் அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் கர்நாடகாவில் குடகுத் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள், வீட்டில் இருக்கிற ஒரே போனும் அவர்களோடு போய்விடும். இது எங்கள் அஞ்சு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

மறுநாள் முடிவு வந்தது. அவளுக்கு ரத்தம் பாதிதான் இருந்தது. பதறிப்போய் போன் போட்டேன். ஓர் ஆண் குரல்.

"இன்னா மேடம், இன்னா ஆச்சு?"

"அண்ணா, உங்க சம்சாரத்துக்கு ரத்தம் ரொம்பக் கம்மியாகீது. இப்படியே வுட்டா உசுருக்கே ஆபத்துங்க. உடனே ஆஸ்பத்திரியில சேக்கணும்."

"நான் குடகுல கீறேன் மேடம். சரி, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நோட்டில் 'தகவல் சொல்லியாயிற்று' என்று எழுதி டிக் அடித்தேன். அட என் புத்தியே!

அடுத்த ஞாயிறு போனால் அவள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "தோட்டத்துக்கு ஆள் கூப்பிட வந்த மேஸ்திரிகிட்ட இவளயும் இட்டுக்கினு வரச்சொல்லி அவ புருஷன் சொல்லி வுட்டுட்டான். எங்கூட இருந்தா நான் பாத்துப்பேன்னானாம். வெள்ளிக்கெழமயே பஸ் ஏறிட்டா."

ரத்தம் இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி ஒரு பகல் பஸ்ஸில். நர்ஸ் அக்கா என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கீழே வந்ததிலிருந்து அந்த நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். கிடைக்கவேயில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே நம்பரிலிருந்து அழைப்பு. "மேடம், வயித்து வலின்னு துடிக்கிறா. எந்த ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறது? நீங்க சொல்லுங்க மேடம்."

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் நுழைந்து எந்த வார்டுக்குப் போக வேண்டும், எந்த நர்ஸிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. குடகைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. "அங்க யாரையாவது கேளுங்கண்ணா, சீக்கிரம் போங்கண்ணா" என்றேன். அதைச் சொல்ல நான் எதற்கு?

பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது இருவரும் எங்களைத் தேடிக் கல்லூரி வாசலுக்கு வந்தார்கள். அவள் பிழைத்துவிட்டாள், குழந்தை தங்கவில்லை. பஸ் பயணத்தாலா, ரத்தம் குறைந்ததாலா என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க போன் பண்ணலன்னா இவளும் போயிருப்பா மேடம்" என்றார். ஐயோ, வேண்டாம் அண்ணா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

அவர் டீ வாங்கப் போனதும் அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"ஊசி குத்தி எங்கிட்டதான ரத்தம் எடுத்தீங்க. எங்கிட்ட ஏன் சொல்லல?"