மிளகுக் கூரை

என் பழைய அம்பாசடர் காரின் கூரைத்துணி தொங்கிப்போய், ஓட்டும்போதெல்லாம் என் வழுக்கையைத் தடவிக்கொண்டிருந்தது. மாற்றித் தருகிறேன் என்றார் பள்ளுருத்தி மெக்கானிக். வீடியோ பார்த்தே தேர்ந்துவிட்ட எனக்கு மெக்கானிக் எதற்கு?

அடைமழை. நனையாத இடம் கொச்சங்காடியில் நண்பனின் கிடங்குதான். புதுத்துணியின் பின்பக்கம் பசை தடவ வேண்டும் என்பதால் முன்பக்கம் தரையில் படும்படி விரித்தேன். அழுக்காகிவிடக் கூடாதே என்று அடியில் அங்கே கிடந்த காலிச் சாக்குகளைப் பரப்பினேன். என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

துணி சுருக்கமே இல்லாமல் ஒட்டியது. மறுநாள் மனைவியை ஏற்றிக்கொண்டு மட்டாஞ்சேரிக் கடைவீதி வழியாகக் கம்பீரமாகப் போனேன். முதல் குழியில் கார் குலுங்கியதும் கூரையிலிருந்து பொடி உதிர்ந்தது. இருவரும் மாறி மாறித் தும்மினோம். கண்ணீர் வழிய ஓரம் கட்டியபோதுதான், நான் பரப்பியவை மிளகுச் சாக்குகள் என்பது உறைத்தது.

சாயாக்கடைச் சேட்டன் பதறி ஓடிவந்தார். "எந்தா இது, ரெண்டு பேரும் அழறீங்க? வீட்டுல யாராவது போயிட்டாங்களா?"

மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதுவரை இல்ல சேட்டா. வீடு போய்ச் சேர்ந்ததும் ஒருத்தர் போயிடுவார்."