ஜெமீலா ராத்தாவின் நிபந்தனை

டாக்டருக்குப் படிக்க மதராஸுக்குப் புறப்பட்ட அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பயணம் போகுமுன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய், செய்த குற்றங்குறைகளைப் பொறுக்கும்படி கேட்பது எங்கள் வழக்கம். எங்கள் ஊர் உக்குவளையில் எல்லா வீட்டிலும் சிரிப்புத்தான். "நீ களவெடுத்த மாங்காயையும் பொறுத்தேன், போடி!" என்றார் மாமி.

கடைசியாக, பெரிய வாப்பாவின் மகள் ஜெமீலா ராத்தா வீடு. பெரிய வாப்பா மவுத்தான பிறகு அந்த வீட்டிலும் என் வாப்பா வைத்ததுதான் சட்டம். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்த ராத்தா வயதுக்கு வந்ததும், "பொம்புளப் புள்ளைக்கு இது போதும்" என்று படிப்பை நிறுத்தியவர் அவர்தான். என் முறை வந்தபோது அவர் அப்படிச் சொல்லவில்லை.

வாப்பா வாசலிலேயே நின்றார். நான் உள்ளே போய் ராத்தாவின் கையைப் பிடித்துக் கேட்டேன். இடுப்பில் குழந்தையோடு அவள் நிதானமாகச் சொன்னாள்:

"ஒன்ன பொறுத்தேன். நீ எனக்கு என்ன செஞ்ச? வாசல்ல நிக்கிற சாச்சாவ உள்ள வந்து கேக்கச் சொல்லு. கேட்டாருன்னா அவரையும் பொறுக்கிறேன்."

வெளியே வந்து அதை அப்படியே சொன்னேன். வாப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நானா பயணம் போறேன்?" என்று சத்தமாகச் சிரித்தார். "பொறுக்காம என்ன செய்வா அவ? நட, கோச்சிக்கு நேரமாச்சு."

ராத்தாவுக்கும் அது கேட்டது. திரும்பிப் பார்த்தேன், கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டிருந்தாள்.

நான் வாப்பாவின் பின்னால் ரயில் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். கோச்சியைத் தவறவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போதும் என் மனதில் இருந்தது.