கூவல் கேட்காத காலைகள்

1. முதல் நாள்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். போடியில் ஏலக்காய் பிரிக்கிற சோலி பார்த்தேன். அப்புறம் மேலே ஏலத்தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த சாருக்குச் சமைக்கப் போனேன். புத்தர் காலத்துப் பேச்சுகளைப் பாலி மொழியில் படித்து ஆராய்கிறவர் அவர்.

தோட்டத்துக்கு ஏறும்போது கூவல் போடுவது எங்கள் பழக்கம். காட்டுமாடு நின்றால் விலகிப் போகட்டும் என்றுதான். முதல் நாளும் கூவிக்கொண்டே ஏறினேன். பார்த்தால் சார் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். தியானத்தைக் கெடுத்துவிட்டோம், வேலை போச்சு என்று நினைத்தேன். எழுந்து வந்தவர், "நாளைக்கும் கூவும்மா" என்றார்.

2. முள்

மாவு ஆட்டும்போது காரணத்தைச் சொன்னார். தியானத்தின் முதல் நிலைக்குச் சத்தம்தான் முள் என்று பழைய நூலில் இருக்கிறதாம். முள் குத்துகிறதென்றால் அந்த நிலையிலும் காது கேட்கிறது என்பார்களாம் சிலர். இல்லை, கேட்டாலே நிலை கலைந்துவிட்டது என்பார்களாம் வேறு சிலர். படித்தவர்களுக்குள் இன்னும் தீராத வழக்கு. தன் உடம்பில் பார்த்துவிட வேண்டும் என்று சாருக்கு ஆசை. தினமும் எழுந்ததும், இன்றைக்கும் கேட்டுவிட்டது என்பார், தோற்றுப்போன முகத்தோடு.

மழை விட்ட ஒரு காலையில் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"இன்னைக்குக் கூவுனியா ஈஸ்வரி?"

"கூவுனேனே சார்."

"எனக்குக் கேக்கலை."

மறுநாளும் கேட்கவில்லை. அந்த முதல் நிலை கிடைத்துவிட்டது என்று பாயசம் வைக்கச் சொன்னார். எனக்குத்தான் பயம் பிடித்தது. குக்கர் விசிலடித்தால் அடுப்பை அணை என்று சத்தம் போடுகிறவர், இப்போது பேப்பரிலிருந்து நிமிர்வதே இல்லை.

3. வளைவு

அந்த வாரமே ரோட்டு வளைவில் லோடு ஜீப்பு வந்தது. ஹாரன் அடிக்க அடிக்க சார் நடுரோட்டில் நடந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். பிரேக் போட்ட காதர் அண்ணன் இறங்கி வந்து, "என்ன ஆத்தா, உங்க சாரு நடந்துக்கிட்டே தியானம் பண்றாரா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாருக்கு முன்னால் உட்கார்ந்தேன். குக்கர் விசிலைச் சொன்னேன். காது மந்தமாகிவிட்டது என்றேன். காதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்தக் காலையில கேக்காம இருந்தது மனசாலயா, காதாலயா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"எனக்கும் இனிமே தெரியாதும்மா."

போடிக்குப் போய்க் காது மிஷின் வாங்கினார். மாட்டி உட்கார்ந்தால் உள்ளே ஒரே இரைச்சலாம். கழற்றினால் ஒன்றுமே கேட்பதில்லை. இரண்டை வைத்தும் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று, கூவல் கேட்காத நாளைப் பற்றி நோட்டில் எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டார்.

வயசானவர்கள் வீட்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னால் போய், முகம் தெரிய நின்று பேசுங்கள். நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

இன்னமும் கூவிக்கொண்டுதான் ஏறுகிறேன், காட்டுமாட்டுக்காக. சார் எழுந்து வருவார். கூவினாயா என்று கேட்பதில்லை.