உத்திரமேரூருக்கு வந்த ஹான்கா

வாடகை நூலகம் நடத்துகிறவளுக்குப் புத்தகம் படிக்க நேரம் இருக்காது. படித்தவர்கள் வந்து சொல்லும் கதையைக் கேட்கவே பொழுது போய்விடும். கடை வைத்து உட்கார்ந்தவர்களுக்கு என் பாடு புரியும். தொண்ணூறுகளில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே எனக்கு அந்தப் பாடு.

யாருக்கும் வேண்டாதது

சென்னையில் கட்டாக வாங்கிய பழைய நாவல்களோடு அதுவும் வந்துவிட்டது. போலந்து நாட்டுத் தேவதைக் கதைகளைத் தழுவிய மாயாஜால நாவல், தமிழில். மாவு மில்காரர் ஒருவர், நின்றுபோன தண்ணீர்ச் சக்கரம் மறுபடி சுற்றுவதற்காக, மகள் ஹான்காவை ஏரிக்கு அடியில் வாழும் ராஜாவுக்குக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிடுகிறார். இதுதான் கதை. நெல் மண்டிக்காரர் சம்சாரம் புரட்டிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். "பேய்க் கதையா, குடும்பக் கதையா? ரெண்டுல ஒண்ணா இருந்தாத்தாம்மா படிக்க முடியும்."

விசில் ஊதாத கண்டக்டர்

செங்கல்பட்டு பஸ் கண்டக்டர் முனுசாமி, கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர். அப்படித்தான் ஹான்கா அவரிடம் மாட்டினாள். அடுத்த வாரம் திருப்பித் தர வந்தவர் நகரவே இல்லை. எதிரே டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார். ஏரி ராஜாவைத் தேடிப் போன ஹான்காவின் கால் பனியில் வெடித்ததையும், பயத்தில் அவள் பாதி வழி திரும்பி ஓடியதையும், பசியில் பன்றிக்கு வைத்த கிழங்கைத் தின்றதையும் சொல்லி முடித்த பிறகுதான் விசிலைத் தேடினார். "ராஜா வூட்டுப் பொண்ணும் இல்ல, அயகும் இல்ல. எதுக்கெடுத்தாலும் பொலம்பிக்கினே எல்லா வேலையும் செஞ்சி முடிக்குது. எங்க வூட்ல கீதே, அதே தாம்மா!"

புத்தகத்தோடு வந்த அப்பா

கஸ்தூரி பிளஸ் டூ முடித்தவள். காஞ்சிபுரத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா கோதண்டமோ தூரத்துச் சொந்தத்தில் மாப்பிள்ளை பேசி வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் அவள் ஹான்காவை எடுத்துப் போனாள்.

ஒரு நாள் காலை கோதண்டம் புத்தகத்தை என் மேஜைமேல் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே கஸ்தூரி, "வாக்கு குடுத்தது நீதானே? நானா குடுத்தேன்?" என்று கேட்டுவிட்டாளாம். "இந்தப் பேச்சு இதுலதான் கீதுன்னு சொல்றா. எங்க, படி" என்றார். அவருக்குப் படிக்க வராது. அந்த இடத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். ஹான்கா இடுப்பளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்று ஏரி ராஜாவிடம், "வாக்குக் கொடுத்தது அப்பாதானே? நானா கொடுத்தேன்?" என்றுதான் கேட்கிறாள். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, அந்த அப்பன் இன்னா ஆனான்?"

மீதிக் கதை

மீதியையும் படித்தேன். மகள் கரையேறும்வரை அந்த மில்காரர் கம்பளியை வைத்துக்கொண்டு பனியிலேயே நிற்கிறார். கோதண்டம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டு, பேச்சை முறித்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது கடையில் ஏறித் தண்ணீர் கேட்டார். கண் சிவந்திருந்தது. "மானம் போச்சி, தங்கச்சி. பரவால்ல. அது படிக்கட்டும்."

விடுதியிலிருந்து

கஸ்தூரி காஞ்சிபுரம் விடுதிக்குப் போனபோது ஹான்காவையும் மறுபடி தூக்கிப் போய்விட்டாள். இதற்குள் முனுசாமி தன் பஸ்ஸில் ஊரெல்லாம் கதை சொல்லி வைத்ததில், மண்டிக்காரர் சம்சாரம்கூட வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார். பொங்கலுக்கு ஊர் வந்த கஸ்தூரியை மடக்கி, எங்கே என்று கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் சிரித்தாள். "ரூம் ரூமா சுத்திக்கினு கீது, அக்கா. இப்போ வார்டன் கையில கீது, நீங்களே போய் கேளுங்க!"

யாரும் தொடாத புத்தகம் அலமாரியை அடைக்கும், எல்லாரும் தேடும் புத்தகம் அலமாரிக்கே வராது என்பதுதான் இத்தனை வருஷ வியாபாரத்தில் நான் கண்டது.